இரண்டு போட்டிகளுக்கு நடுவே: கச்சிராயபாளையம் கற்பிக்கும் பாடம்

கள்ளக்குறிச்சியிலிருந்து வடமேற்குத் திசையில் சுமார் 15 கிலோ மீட்டர் பயணம் செய்தால் கச்சிராயபாளையம் வந்து சேரலாம். சாலையின் இருமருங்கிலும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் மாறிமாறிக் கண்ணுக்குத் தென்படும். எதிரே, வானத்தின் விளிம்பில் நீலச்சுவர் எழுப்பியது போன்று கல்வராயன் மலைத்தொடர் நீண்டு கிடக்கும். நெடுங்காலம் விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு மூலையாகக் கருதப்பட்ட இப்பகுதி, 2019 நவம்பர் 26 அன்று உதயமான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ளது. வடக்கனந்தல் பேரூராட்சியைச் சேர்ந்த இவ்வூர், மலையேறிப் பரிகம் வழியே வெள்ளிமலைக்குச் செல்வோர்க்கு வாயிலாக விளங்குகிறது.

இவ்வூருக்கு வருவோர் பெரும்பாலும் கோமுகி அணையைப் பார்ப்பர். மலையேறி அருவிகளைக் கண்டு திரும்புவர். அந்த அழகை வருணிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்வூரில் அணை ஒன்றும் ஆலை ஒன்றும் உள்ளன. அவ்விரண்டையும் சற்று நிதானமாகக் கவனித்தால், இக்காலத்து மாணவச் செல்வங்கள் ஆர்வத்தோடு இறங்கும் ஒரு துறைக்கு மிகத் தேவையான பாடம் கிடைக்கிறது. மாணவர்களுக்கான ரோபோப் போட்டி என்பதே அத்துறை. ஒரு போட்டியில் தோற்ற ரோபோவை அடுத்த போட்டிக்குள் எங்ஙனம் சீர்செய்வது என்பதே அப்பாடம்.

ரோபோப் போட்டி என்பது யாது?

ரோபோ என்றதும் கையும் காலும் தலையும் கொண்ட இயந்திர மனிதன் நம் மனக்கண்ணில் தோன்றுவது இயல்பு. மாணவர் போட்டிகளில் ஓடும் ரோபோ பெரும்பாலும் அத்தகையதன்று. இரண்டு அல்லது நான்கு சக்கரங்கள், சில மோட்டார்கள், வழியறியும் உணர்கருவிகள், இவற்றையெல்லாம் ஆளும் ஒரு சிறு கணினிப் பலகை, அதற்கு ஆற்றல் தரும் பேட்டரி ஆகியவற்றால் ஆன சிறு வண்டி அது. பள்ளிச் சிறுவர்களுக்காக உலகெங்கும் நடத்தப்பட்டு வரும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்னும் போட்டியின் வழக்கமான ஆட்டம் இரண்டரை நிமிடமே. அதற்குள் அச்சிறு வண்டி தானாகவே மேசையின் மீது ஓடி, பொருள்களைத் தள்ளி, தூக்கி, உரிய இடத்தில் சேர்த்துத் திரும்ப வேண்டும்.

கல்லூரி மாணவர்களுக்கு ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 முதல் நடத்தி வரும் ரோபோகான் என்னும் போட்டி உண்டு. அதன் ஆட்டங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. 2022இல் அப்போட்டியைப் புதுடில்லியில் நம் நாடு ஏற்று நடத்தியபோது, நம் பிள்ளைகள் தெருவில் ஆடும் ஏழு கல் ஆட்டத்தையே ரோபோக்கள் ஆடின. 2024இல் வியட்நாமில் நடைபெற்றபோது ஆட்டத்தின் கரு நெல் வேளாண்மை. நாற்றை எடுத்து நடுவதும், நெல்மணிகளையும் பதரையும் குறிக்கும் பந்துகளைப் பிரித்தறிந்து நெல்லை மட்டும் குதிரில் சேர்ப்பதும் ரோபோக்களுக்கு இடப்பட்ட வேலைகள். கோமுகிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த ஆட்டத்தின் நெளிவு சுளிவுகளை யாரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை!

நம் நாட்டுப் பள்ளிகளில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவர்கள் கருவிகளைக் கையாண்டு பழகும் பொருட்டு, மத்திய அரசின் அடல் புத்தாக்க இயக்கம் 2016இல் தொடங்கப்பட்டு, அதன்கீழ் பத்தாயிரம் பள்ளிகளில் ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. வாய்ப்பு மெல்ல மெல்லச் சிற்றூர்களையும் எட்டி வருகிறது. ஆனால், வாய்ப்பு எட்டிய இடங்களிலும் ஒரு குறை நீடிக்கிறது. முதல் போட்டிக்கு ஓராயிரம் கனவுகளோடு புறப்படும் பிள்ளைகள், அதில் தோற்றதும் ரோபோவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி விடுகின்றனர். பெற்றோரும், "போய் வந்தாயிற்று, இனிப் பாடத்தைப் படி" என்று கூறி விடுகின்றனர். மெய்யான கல்வி தொடங்கும் நேரம் அதுவே என்பதை இரு தரப்பாரும் அறிவதில்லை.

அணை சொல்லும் பாடம்

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றின் குறுக்கே, கச்சிராயபாளையத்தை ஒட்டி அமைந்துள்ளது கோமுகி அணை. 1960களில் கட்டப்பட்ட இதன் உயரம் 46 அடி. பத்தாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இதனால் பயன்பெறுகிறது. மழைக்காலத்தில் அணையின் பணியாளர் செய்யும் வேலையைக் கவனியுங்கள். மலையில் மழை பெய்தால் நீர்வரத்து பெருகும். அவர் அளவுகோலில் நீர்மட்டத்தைப் பார்க்கிறார். இவ்வளவு உயரத்தில் நிறுத்த வேண்டும் என்று வகுக்கப்பட்ட அளவோடு அதை ஒப்பிடுகிறார். மட்டம் சிறிதளவே மிஞ்சினால் மதகைச் சிறிதளவு உயர்த்துகிறார். பெரிதும் மிஞ்சினால் பெரிதும் திறக்கிறார். பிறகு மீண்டும் அளவுகோலைப் பார்க்கிறார்.

கோடு ஒன்றைப் பின்பற்றி ஓடும் ரோபோவும் இதையே செய்கிறது. அதன் அடிப்புறத்திலுள்ள ஒளியுணர் கருவி, கறுப்புக் கோட்டிலிருந்து வண்டி எவ்வளவு விலகியுள்ளது என்று அளக்கிறது. சிறிது விலகினால் சிறிது திருப்ப வேண்டும். பெரிதும் விலகினால் பெரிதும் திருப்ப வேண்டும். முதல் போட்டிக்கு வரும் பல ரோபோக்கள் இதை அறியாதவை. விலகல் சிறிதோ பெரிதோ, ஒரே அளவில் இடமும் வலமும் வெட்டி வெட்டித் திரும்பி, பாம்பு நெளிவது போல் நெளிந்து நேரத்தை வீணாக்கும். மதகை ஒன்று முழுவதும் மூடுவேன், அல்லது முழுவதும் திறப்பேன் என்று அடம்பிடிக்கும் பணியாளர் இருந்தால் கோமுகிக் கரையோர வயல்களின் கதி என்னவாகும்? ரோபோவின் கதியும் அதுவே.

நீரை அளந்து விடும் இக்கலையில் நம் முன்னோர்க்கு நீண்ட மரபு உண்டு என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். இன்றைய துருக்கியிலுள்ள தியார்பக்ர் நகரில் அர்துகிய மன்னர்களிடம் பணியாற்றிய பொறியியல் மேதை அல்ஜஸரி, கி.பி. 1206இல் தம் கருவிகள் பற்றிய நூலை நிறைவு செய்தார். கைகழுவ நீர் ஊற்றும் இயந்திரப் பணியாளையும், நீரில் மிதக்கும் படகில் இசைக்கும் இயந்திரக் கலைஞர்களையும் படைத்தவர் அவர். அக்காலத்தில் பகற்பொழுதைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரித்து மணிக்கணக்கு வைத்தனர். கோடையில் பகல் நீளும், குளிர்காலத்தில் குறுகும். எனவே நீர்க்கடிகாரத்தில் நீர் ஒழுகும் வேகத்தை நாள்தோறும் சிறிது மாற்ற வேண்டியிருந்தது. அதற்காக முன்னோர் வகுத்திருந்த அரைவட்டத் தகட்டை அல்ஜஸரி சோதித்துப் பார்த்தார். அதன் அளவுகள் சரியாக இல்லை எனக் கண்டார். பெரியோர் சொன்னது என்று அதை அப்படியே ஏற்கவுமில்லை; பிழை என்று தூக்கி எறிந்து விடவுமில்லை. சோதனை மேல் சோதனை நடத்தி முழுவட்டத் தகடாகத் திருத்தியமைத்தார். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவரை உலகம் கொண்டாடுவதற்கு அவருடைய கற்பனை வளம் ஒரு காரணம். அளந்து பார்த்துத் திருத்தும் பொறுமை மற்றொரு காரணம்.

இரும்பு வசப்படுத்திக் கொடுக்கப்பட்ட நபி தாவூத் (அலை) அவர்களுக்குப் போர்க்கவசத்தின் வளையங்களை அளவு பார்த்துக் கோக்குமாறு கட்டளையிடப்பட்டதைத் திருமறை ஓதும் இல்லங்கள் அறியும். கைத்தொழிலில் அளவு என்பது நமக்குப் புதிய சொல் அன்று.

ஆலை சொல்லும் பாடம்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ளன. ஒன்று மூங்கில்துறைப்பட்டில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி-2 எனப்படும் மற்றொன்று கச்சிராயபாளையத்தில் இருக்கிறது. அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் மாட்டு வண்டிகளும் வரிசை கட்டி நிற்கும். வெட்டு உத்தரவு எப்போது கிடைக்கும், சர்க்கரைக் கட்டுமானம் எவ்வளவு என்பவையே தேநீர்க் கடைகளில் பேச்சாக இருக்கும். அரவை முடிந்ததும் சந்தடி அடங்கும். புகைபோக்கி ஓய்வெடுக்கும். வெளியிலிருந்து காண்போர்க்கு ஆலை உறங்குவதாகத் தோன்றும்.

உண்மையில் ஆலை உறங்குவதில்லை. கரும்பைப் பிழியும் உருளைகளைக் கழற்றித் தேய்மானம் பார்ப்பர். தேய்ந்தவற்றிற்கு மீண்டும் பள்ளம் வெட்டுவர். கொதிகலன் குழாய்களைத் துப்புரவு செய்வர். நீண்டு தளர்ந்த சங்கிலிகளை மாற்றுவர். பருவத்தின்போது எந்த நாளில் எந்த இயந்திரம் எவ்வளவு நேரம் நின்றது, அதன் காரணம் என்ன என்று பதிவேட்டில் குறித்து வைத்திருப்பதைப் பார்த்தே வேலையின் வரிசையை வகுப்பர். எல்லாம் முடிந்தபின் கொதிகலனுக்கு இளஞ்சூடு ஏற்றும் விழா நடக்கும், வெள்ளோட்டம் பார்ப்பர், அதற்குப் பின்னரே புதிய பருவத்தின் முதல் கரும்பு உள்ளே செல்லும். பருவத்தில் ஆலை நன்றாக ஓடுவதும் ஓடாததும் பருவத்திற்கு வெளியே நடந்த வேலையைப் பொறுத்ததாகும்.

ரோபோப் போட்டிக்கும் இதே நியதிதான். இரண்டரை நிமிட ஆட்டம் என்பது அரவைப் பருவம். இரண்டு போட்டிகளுக்கு நடுவேயுள்ள வாரங்கள் பழுதுபார்க்கும் பருவம். அந்த வாரங்களில் செய்ய வேண்டியவற்றை ஆலையின் முறைப்படியே வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, பதிவேடு. போட்டி முடிந்து வீடு திரும்பியதும் திருப்புளியைக் கையில் எடுக்கக் கூடாது. பேனாவை எடுக்க வேண்டும். எந்த ஆட்டத்தில் எந்த வேலை முடிந்தது, எது முடியவில்லை, ரோபோ எந்த இடத்தில் தடம் மாறியது, எத்தனை வினாடிகள் வீணாயின என்று நினைவு மங்குமுன் எழுதி வைக்க வேண்டும். "ரோபோ சரியில்லை" என்று எழுதுவதால் பயனில்லை. "பத்து ஓட்டங்களில் ஆறில் வலப்பக்கம் சரிந்தது" என்று எழுதினால் அதில் பயன் உண்டு.

இரண்டாவது, காரணத்தைப் பிரித்தறிதல். ஒரே குறைக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். வலப்பக்கம் சரிவதற்குச் சக்கரத்தின் அச்சு வளைந்திருப்பது காரணமாகலாம். பற்சக்கரங்களின் இடையே தளர்வு இருக்கலாம். இரு மோட்டார்களின் வேகம் ஒவ்வாமல் இருக்கலாம். மேசையில் படிந்த தூசியால் சக்கரம் வழுக்கலாம். பேட்டரி தரும் வஞ்சகம் தனி. "மூன்று வினாடி ஓடு" என்று கட்டளை எழுதப்பட்ட ரோபோ, பேட்டரி நிறைந்திருக்கையில் ஒரு தூரமும், குறைந்திருக்கையில் வேறொரு தூரமும் ஓடும். வீட்டில் பொருந்திய கணக்கு அரங்கில் பொய்க்கும். அதற்குப் பதிலாகச் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை எண்ணி நிற்குமாறு கட்டளையைத் திருத்தினால், பேட்டரியின் ஏற்றத்தாழ்வு அதைப் பெரிதாகப் பாதிக்காது. ஒளியுணர் கருவியும் அவ்வாறே. வீட்டு விளக்கின் வெளிச்சம் வேறு, போட்டி அரங்கின் வெளிச்சம் வேறு. அரங்கை அடைந்ததும் வெள்ளையையும் கறுப்பையும் புதிதாகக் காட்டி அளவு பதிந்துகொள்ளும் வசதி ரோபோவில் இருத்தல் அவசியம்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஆர்வ மிகுதியால் பிள்ளைகள் ஒரே மாலையில் சக்கரத்தையும் மாற்றுவர், நிரலையும் மாற்றுவர், கையையும் மாற்றுவர். ரோபோ மேம்பட்டால் எதனால் மேம்பட்டது என்று தெரியாது. கெட்டுப்போனால் எதனால் கெட்டது என்றும் தெரியாது. ஒன்றை மாற்றிப் பத்து முறை ஓடவிட்டு, பத்தில் எத்தனை என்று குறித்துக் கொண்டபின் அடுத்ததைத் தொடுவதே முறை. பத்தில் நான்கு முறை மட்டும் வெல்லும் கடினமான வித்தையைக் காட்டிலும், பத்தில் ஒன்பது முறை வெல்லும் எளிய வேலை போட்டியில் அதிகப் புள்ளிகளைத் தரும்.

நான்காவது, நிறுத்தத் தெரிதல். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு எல்லா மாற்றங்களையும் நிறுத்திவிட வேண்டும். இளஞ்சூடு ஏற்றிய பிறகு யாரும் உருளையைக் கழற்றுவதில்லை அல்லவா? அந்த ஒரு வாரமும் ஓட்டிப் பழகுதல், உதிரிப்பாகங்களைப் பெட்டியில் ஒழுங்குபடுத்துதல், கருவிகளை மாட்டிக் கழற்றும் நேரத்தைக் குறைத்தல் ஆகியவற்றிற்கே உரியது.

இந்நான்கிலும் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். பெருநகரத்துப் பள்ளியிடம் விலையுயர்ந்த மோட்டார் இருக்கலாம். கச்சிராயபாளையத்துப் பிள்ளைக்கும் பெருநகரப் பிள்ளைக்கும் நாளொன்றுக்கு இருபத்து நான்கு மணிநேரம்தான்.

ஹெராத் நகரின் சிறுமியர்

இப்பாடத்தைத் தம் வாழ்க்கையால் எழுதிக் காட்டியவர்கள் ஆஃப்கானிஸ்தானின் ஹெராத் நகரைச் சேர்ந்த மாணவியர். 2017 ஜூலையில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஃபர்ஸ்ட் குளோபல் என்னும் உலகப் பள்ளி மாணவர் ரோபோப் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அணிகள் திரண்ட அப்போட்டியின் பொருள் குடிநீர். தூய நீரையும் மாசுற்ற நீரையும் குறிக்கும் இருநிறப் பந்துகளை ரோபோ பிரித்துச் சேர்க்க வேண்டும்.

ஆறு சிறுமியரைக் கொண்ட ஆஃப்கான் அணிக்கு எதுவும் எளிதாக அமையவில்லை. உதிரிப்பாகப் பெட்டி சுங்கத்தில் மாதக்கணக்கில் முடங்கியது. மற்ற நாட்டவர் பல மாதங்கள் பழகிய வேலையை அவர்கள் சில வாரங்களில் முடிக்க வேண்டியதாயிற்று. விசாவுக்காக ஹெராத்திலிருந்து சுமார் 800 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள காபூலுக்கு இருமுறை சென்றனர், இருமுறையும் மறுக்கப்பட்டனர். உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின்னரே கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்தது. அவர்கள் முதலிடம் பெறவில்லை. துணிவான சாதனைக்கான வெள்ளிப் பதக்கம் பெற்றுத் திரும்பினர்.

திரும்பிய சில நாட்களிலேயே பேரிடி விழுந்தது. 2017 ஆகஸ்டு தொடக்கத்தில் ஹெராத்தின் பள்ளிவாசல் ஒன்றில் தொழுகையாளர்கள் மீது நடத்தப்பட்ட கொடிய தாக்குதலில் குழுத்தலைவி ஃபாத்திமா காதிரியானின் தந்தை உயிரிழந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அத்தோடு அக்குழு கலைந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால், அவ்வாண்டு நவம்பரில் எஸ்தோனியா நாட்டின் தாலின் நகரில் நடந்த ரோபோடெக்ஸ் விழாவில் அதே குழு மீண்டும் களம் இறங்கியது. சூரிய ஒளியால் இயங்கிச் சிறு விவசாயிகளின் வயல் வேலைக்கு உதவும் ரோபோவைக் காட்டி, தொழில்முனைவுப் பிரிவில் முதல் பரிசை வென்றது!

ஜூலைக்கும் நவம்பருக்கும் நடுவே நான்கே மாதங்கள். அவை கண்ணீரும் துக்கமும் நிறைந்த மாதங்கள். அந்த மாதங்களில் திருந்தியது இயந்திரம் மட்டுமன்று; நாடு நாடாகச் சென்று உலகின் முன் நிற்கும் மன உறுதி அவர்களுக்கு வளர்ந்தது. 2020இல் கொரோனா பரவியபோது இக்குழுவினர் டொயோட்டா காரின் பழைய உதிரிப்பாகங்களைக் கொண்டு சுவாசக் கருவி ஒன்றை வடிவமைத்தனர். 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியபோது அவர்களுள் பலர் கத்தாருக்கும் மெக்சிகோவுக்கும் வெளியேற நேர்ந்தது. அந்நாட்டில் பெண்பிள்ளைகளின் உயர்நிலைக் கல்வி அவ்வாண்டு முதல் தடுக்கப்பட்டிருப்பது, கல்வியைக் கடமையாகக் கருதும் ஒவ்வொரு முஸ்லிம் உள்ளத்தையும் வருத்தும் செய்தியாகும். நம் நாட்டில் அத்தகைய தடை இல்லை. நம் வீட்டுப் பெண்பிள்ளைக்கும் அந்த மேசைக்கும் நடுவே தடையாக நிற்பது எது என்பதை ஒவ்வொரு வீடும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களின் பங்கு

நம் இராமேசுவரத்து மண்ணின் மைந்தர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் வரலாற்றிலும் இரண்டு தேதிகள் உண்டு. 1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் கிளம்பியது. முதல் கட்டம் செவ்வனே இயங்கியது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வின் கோளாறால் நைட்ரிக் அமிலம் கசிந்து போயிருந்தது. கலம் நிலைதடுமாறி வங்கக்கடலில் வீழ்ந்தது. ஏறக்குறைய பதினொரு மாதங்களுக்குப் பின், 1980 ஜூலை 18 அன்று அதே வகைக் கலம் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிலைநிறுத்தியது. பல்லாண்டு உழைத்து உருவாக்கிய கலத்தைக் குப்பையில் போடாமல், எங்கே கசிந்தது என்று தேடிக் கண்டு திருத்தியதன் பயன் அது.

இந்நிகழ்ச்சியில் கலாம் அவர்கள் அடிக்கடி எடுத்துரைத்த பகுதி ஒன்று உண்டு. தோல்வியுற்ற நாளில் பத்திரிகையாளர்களின் முன் நின்று பொறுப்பை ஏற்றவர் விண்வெளித் துறையின் தலைவராயிருந்த சதீஷ் தவான். வெற்றி கிட்டிய நாளில் அவர் பின்னே நின்றுகொண்டு, பேசும்படி கலாமை முன்னே அனுப்பினார். தோல்வியின் சுமையைப் பெரியவர் தாங்கினார். வெற்றியின் பெருமையை இளையவரிடம் ஒப்படைத்தார்.

நம் இல்லங்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடப்பது வருந்தத்தக்கது. பிள்ளை பரிசு பெற்று வந்தால், "என் மகன்" என்று அத்தா ஊருக்குச் சொல்கிறார். வெறுங்கையோடு வந்தால், "நீ கேட்ட பணத்தையெல்லாம் கொடுத்தேனே" என்று கணக்குக் கேட்கிறார். அந்த இரவில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "எங்கே தவறியது? எழுதி வைத்தாயா? அடுத்த போட்டி எப்போது?" என்னும் மூன்று கேள்விகளே போதும். ரோபோவைப் பற்றி ஒன்றும் அறியாத பெற்றோரும் இவற்றைக் கேட்கலாம்.

இதைக் கச்சிராயபாளையத்தை முன்வைத்துக் கூறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவு கொண்டதை நாடே அறியும். அதன்பின் கல்வராயன் மலைவாழ் மக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றமே தாமாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. தீமையை விலக்குவதற்குச் சட்டம் வேண்டும், சிகிச்சை வேண்டும், பிழைப்புக்கு வழி வேண்டும். அவற்றோடு, வளரும் பிள்ளைகளின் மாலைப் பொழுதுக்கு ஒரு நல்ல வேலையும் வேண்டும். வெறுமையான மாலைகளே பல தீமைகளுக்கு வாசல் திறக்கின்றன. ஒரு மேசை, ஒரு விளக்கு, சில மோட்டார்கள், ஒரு நோட்டுப் புத்தகம், அருகே அமர்ந்து பொறுமையோடு பார்க்கும் பெரியவர் ஒருவர் என்பது சிறிய ஏற்பாடுதான். ஆனால், அது மாதக்கணக்கில் நீடிக்கும் ஏற்பாடு.

ஒவ்வோர் ஊரின் ஜமாஅத்தும் கல்வி அறக்கட்டளையும் பரிசளிப்பு விழாக்களை நடத்துகின்றன, அது பாராட்டுக்குரியது. வென்ற பிள்ளைக்குக் கேடயம் வழங்குவதோடு, தோற்ற பிள்ளைக்கு அடுத்த போட்டி வரை ஓர் அறையும் மின்விளக்கும் சில உதிரிப்பாகங்களும் வழங்குவதையும் அவை பரிசீலிக்கலாம். பம்பு செட்டு பழுதுபார்ப்பவரும், மோட்டார் சுற்றுபவரும், ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஃபிட்டரும் இல்லாத ஊர் இப்பகுதியில் அரிது. சத்தத்தைக் கேட்டே தேய்ந்த பேரிங்கைக் கண்டுபிடிக்கும் அப்பெரியவர்களிடம் வாரம் ஒரு மாலை அமர்ந்து பழகும் பிள்ளைக்குக் கிடைக்கும் பயிற்சி, எந்தப் பெருநகரப் பயிற்சிக் கூடத்திலும் எளிதில் கிடைக்காது. மதம், சாதி பாராமல் மலைக்கிராமத்துப் பிள்ளைகளையும் அந்த மேசைக்கு அழைத்து அமர்த்துவது நம் அண்டை வீட்டார் உரிமையைப் பேணும் செயலாகவும் அமையும்.

கோமுகி அணைக்குச் செல்லும் வாசகர்கள், அருவியையும் மலையையும் பிள்ளைகளுக்குக் காட்டுவதோடு, அணையின் நீர்மட்ட அளவுகோலையும் காட்டுங்கள். அதைப் பார்ப்பவர் ஏன் நாள்தோறும் பார்க்கிறார், ஏன் எழுதி வைக்கிறார் என்று விளக்குங்கள். ஆலை வழியே திரும்பும்போது புகை வராத காலமாயிருந்தால், உள்ளே நடைபெறும் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்.

அளந்து அறியும் அறிவையும், தவறிய இடத்தைத் தேடித் திருத்தும் பொறுமையையும் நம் சந்ததியினர்க்கு வல்ல அல்லாஹ் அருள்வானாக! அவர்களின் கைத்திறன் மக்களுக்கு நன்மை பயப்பதாக ஆக்குவானாக! ஆமீன்.